தறியில் இரண்டாவது ஆள்

குட்டீஸ்! உங்கள் வீட்டு பீரோவில் அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை இருக்கிறதா? அம்மாவிடம் கேட்டு, கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, மெல்லப் பிரித்துப் பாருங்கள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கிறதா? இரண்டு நிறமும் சேரும் இடத்தில், உள்பக்கமாக விரலால் தடவுங்கள். லேசாகச் சொரசொரவென்று ஒரு கோடு தட்டுப்படுகிறதா? அப்படியானால், அந்தப் புடவையை நெய்தவர் பெரும்பாலும் ஒருவராக இருக்க மாட்டார். இரண்டு பேர்!

இது எனக்கும் இத்தனை நாள் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வந்ததால் தெரிந்துகொண்டேன்.

காட்டுப்பாக்கத்தில் இருந்து காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்கக் கிளம்பினோம். மெட்ரோ ரயில் தூண்களுக்குப் பக்கத்தில் ஊர்ந்து ஊர்ந்து பூந்தமல்லியைத் தாண்டவே அரை மணி நேரம். அப்புறம் செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வேகமாகப் போய்விட்டோம். கடையில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நான்கு மணி நேரம்! நூறு புடவையைப் பிரித்துப் போட்டு, கடைசியில் முதலில் பார்த்த புடவையையே எடுத்தார்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. "மாமா, இதையெல்லாம் எங்கே செய்யறாங்கன்னு பார்க்கலாமா?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கும் தப்பித்தால் போதும் என்றிருந்தது. விசாரித்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனோம். காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் நிறைய வாழும் பகுதி அது.

குழிக்குள் கால்!

ஒரு தாத்தா வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு பள்ளம். அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால் இரண்டையும் பள்ளத்துக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்கிறார் தாத்தா. இதற்குக் குழித்தறி என்று பெயர்.

நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல்கள் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. மிதிகட்டையை மிதித்ததும் பாவு நூல்களில் பாதி மேலே எழும்பும். பாதி கீழே நிற்கும். நடுவில் ஒரு சின்னக் குகை மாதிரி வழி திறக்கும். ஊடை நூல் சுற்றிய நாடாவை அந்த வழியாக வீசினால், அது மறுபக்கம் போய்ச் சேரும். அடுத்த மிதி. மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. நாடா திரும்பி வரும். துணி என்பது அவ்வளவுதான். உங்கள் பள்ளிச் சீருடை முதல் பாட்டியின் பட்டு வரை எல்லாம் இந்த மேலும் கீழும்தான்.

ஆனால் தாத்தாவிடம் மூன்று நாடா இருந்தன. புடவையின் உடலுக்குப் பச்சை ஊடை. இரண்டு ஓரக் கரைக்கும் சிவப்பு ஊடை. பச்சை நாடா ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை ஓடினால் என்ன ஆகும்? கரையிலும் பச்சை கலந்துவிடும். சுத்தமான சிவப்பு கிடைக்காது. அதனால் பச்சை நாடா கரை தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. அங்கே சிவப்பு நூல் வந்து காத்திருக்கிறது. பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. அடுத்த வரிசை, மறுபடி கொக்கி. இப்படிப் புடவை முழுக்க, இரண்டு ஓரமும். இதற்குத்தான் 'கோர்வை' என்று பெயர். நீங்கள் விரலால் தடவினீர்களே, அந்தச் சொரசொரப்பு இந்தக் கொக்கிகள்தான். கரையில் கோபுரம் கோபுரமாக முனைகள் உடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புடவை பார்த்திருக்கிறீர்களா? அங்கே வரிசைக்கு வரிசை கொக்கி மாட்டும் இடமும் நகர்ந்துகொண்டே இருக்கும்!

இரண்டு கை உள்ள ஒருவர் மூன்று நாடாவை எப்படிச் சமாளிப்பது? முடியாது. தறியின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கி, கொக்கி மாட்டி, திருப்பி வீச வேண்டும். தாத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. மிதிகட்டைச் சத்தத்தை வைத்தே பாட்டியின் கை நீண்டது.

"எப்பவும் பாட்டிதான் உட்காருவாங்களா தாத்தா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"இப்போ அவதான் கண்ணு. நான் உன் வயசுல அந்த இடத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

"அப்போ ஸ்கூல்?"

"அஞ்சாவதோட சரி."

"உங்க பேரன் உட்காருவானா?"

தாத்தா நாடாவை வீசிவிட்டுச் சொன்னார்: "அவன் பத்தாவது படிக்கிறான். இங்கே உட்கார வேணாம்னு நான்தான் சொல்லியிருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "ஆனா உட்கார ஆள் இல்லேன்னா கோர்வை போட முடியாது" என்றார்.

அந்த இடத்தில் யார் இருந்தார்கள்?

தாத்தா சொன்னதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் இது உங்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றிய விஷயம்.

அந்த இரண்டாவது இடத்தில் நெடுங்காலமாகச் சிறுவர்களும் சிறுமிகளும்தான் உட்கார்ந்திருந்தார்கள். தன் வீட்டுத் தறியில் அப்பாவுக்கு உதவிய பிள்ளைகள் ஒரு பக்கம். தறி முதலாளியிடம் பெற்றோர் அட்வான்ஸ் வாங்கிவிட, அந்தக் கடன் தீரும்வரை வேறு வீட்டுத் தறியில் நாள் முழுக்க உட்கார்ந்த பிள்ளைகள் இன்னொரு பக்கம். 1990-களில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். விடிந்ததில் இருந்து இருட்டும் வரை, வெளிச்சம் குறைந்த அறையில், தலைமுடி போன்ற நூலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாடாவைத் தவறவிட்டால் அடி.

குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-ல் வந்தது. சட்டம் வந்தும் சட்டென்று மாறவில்லை. அரசும் தொண்டு நிறுவனங்களும் வீடு வீடாக ஏறி இறங்கி, பிள்ளைகளைத் தறியில் இருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பப் பல வருடங்கள் பிடித்தன. 2010 ஏப்ரல் 1 முதல், 6 வயதில் இருந்து 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை என்று சட்டமே வந்துவிட்டது.

நல்லதுதான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் காலியான அந்த இடம் அப்படியே இருக்கிறது. அதில் உட்காரப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டால் அவருக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும். புடவை விலை ஏறும். அதனால் கோர்வையே இல்லாமல், ஒரே ஊடை கோடிக்குக் கோடி ஓடுகிற புடவைகள் பெருகிவிட்டன. சிலர் ஒரு பக்கக் கரைக்கு மட்டும் கோர்வை போடுகிறார்கள். கடையில் நாம் புரட்டிய நூறு புடவையில் எத்தனை கோர்வை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

நூலால் ஒரு ஓவியம்

இப்போது கொஞ்சம் வெளியூர் போவோம்.

ஐரோப்பாவில் 'டேபெஸ்ட்ரி' என்று ஒரு நெசவு உண்டு. பெரிய பெரிய அரண்மனைச் சுவர்களில், வேட்டைக் காட்சியும் போர்க் காட்சியும் திரையாகத் தொங்குமே, அதுதான். அவை துணியில் வரைந்த படம் இல்லை. ஊடை நூலாலேயே படத்தை நெய்துவிடுகிறார்கள். மரம் இருக்கும் இடத்தில் மட்டும் பச்சை ஊடை ஓடித் திரும்பும். வானம் இருக்கும் இடத்தில் மட்டும் நீலம். எந்த நூலும் கோடிக்குக் கோடி ஓடாது. அட, இது நம் கோர்வை மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? ஆமாம், இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்!

(இங்கே ஒரு குட்டித் தகவல். உலகத்திலேயே பிரபலமான டேபெஸ்ட்ரி எது என்று வினாடி வினாவில் கேட்டால், பிரான்சில் உள்ள பேயோ டேபெஸ்ட்ரி என்பார்கள். 1066-ல் இங்கிலாந்தை நார்மன்கள் பிடித்த கதையைச் சொல்லும், சுமார் 70 மீட்டர் நீளத் துணி அது. ஆனால் அது நெய்தது இல்லை. ஊசியால் பூத்தையல் போட்டது. பேரில்தான் டேபெஸ்ட்ரி!)

நம் நாட்டிலும் பெரிய டேபெஸ்ட்ரி உண்டு. சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்பூசியே, 1955-ல் திறக்கப்பட்ட அங்குள்ள உயர் நீதிமன்றத்துக்காக 9 டேபெஸ்ட்ரிகளை வரைந்து கொடுத்தார். காஷ்மீர் நெசவாளர்கள் அவற்றை நெய்தார்கள். அழகுக்காக மட்டுமா? இல்லை. கான்கிரீட் அறையில் பேசினால் எதிரொலி கேட்கும் அல்லவா? கம்பளி அந்தச் சத்தத்தை உறிஞ்சிவிடும். வக்கீல் பேசுவது நீதிபதிக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமே!

அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு பெரிய தறியில் பல நெசவாளர்கள் வரிசையாக உட்கார்ந்து நெய்தார்கள். இப்போது அங்கே பெரும்பாலும் தனி ஆள்தான். ஒரு வீடு, ஒரு தறி, ஒரு ஆள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நெசவு என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு முடிச்சு சரியாக வரவில்லை என்றால் யாரைக் கேட்பது? அதனால் அந்த நெசவாளர்கள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1982-ல் டேபெஸ்ட்ரி நெசவாளர்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பு தொடங்கியது. கையடக்கத் தறியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, நாடு விட்டு நாடு கூடப் போய், மலையடிவாரத்திலோ ஏரிக்கரையிலோ நாலைந்து நாள் ஒன்றாகத் தங்கி நெய்கிறார்கள். காலையில் சேர்ந்து நெசவு, மாலையில் சேர்ந்து அரட்டை. இதற்குப் பணம் கட்டிப் போகிறார்கள்!

முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நெசவாளர்கள் ஒன்றாகக் கூடி நெய்வதற்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டே. 'தெரு'! பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் நூல் அறுந்தால் எதிர் வீட்டில் கேட்கலாம். ஒரு காலத்தில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, தெருவே சேர்ந்து வேலை பார்க்கும்.

சிரித்துவிட்டு இந்தக் கணக்கைப் பார்த்தேன். மத்திய அரசு எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, 1995-96-ல் நாட்டில் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் 65.5 லட்சம் பேர். 2009-10-ல் 43.31 லட்சம். 2019-20-ல் 35.22 லட்சம். இருபத்து நான்கு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி. தெருவில் நான்கு தறி ஓடிய இடத்தில் இரண்டு. நாளைக்கு ஒன்று. அப்புறம் நம் தாத்தாவும் பக்கத்து வீட்டில் கேட்க ஆளில்லாத தனி நெசவாளர்தானே!

கூடுதுறை

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே ஆண்டீஸ் மலையில் கெச்சுவா மொழி பேசும் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழியில் 'டிங்குய்' என்றால் சந்திப்பு, சேர்க்கை. இரண்டு ஆறு ஒன்றாகக் கலக்கும் இடத்தையும் இந்தச் சொல்லாலேயே குறிப்பார்கள்.

நமக்கு உடனே ஞாபகம் வருவது எது? பவானி கூடுதுறை! ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானியும் கலக்கும் இடம். அந்த ஊரும் நெசவுக்குப் பேர்போன ஊர்தான். காட்டுப்பாக்கத்தில் கல்யாண மண்டபத்துக்குப் போனால், சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் பெரியவர்கள் கோடு கோடாகக் கலர் போட்ட விரிப்பில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்களே, அந்த ஜமுக்காளம் பவானியில் பிறந்தது. 1800-களின் கடைசியில், சீமை மில் துணி வந்து குவிந்து புடவை விற்காமல் போனபோது, அந்த ஊர் நெசவாளர்கள் முரட்டு நூலில் இந்தப் புது விரிப்பை நெய்து பிழைத்துக்கொண்டார்கள். ஜமுக்காளத்தில் பாவு நூல் வெளியே தெரியாது. நெருக்கி அடித்த ஊடை அதை மூடிவிடும். டேபெஸ்ட்ரியிலும் அப்படியே! அகலமான ஜமுக்காளம் என்றால் ஒரே தறியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டு நெய்வார்கள். பாருங்கள், இங்கும் இரண்டாவது ஆள்!

சரி, பெருவுக்குத் திரும்புவோம்.

அங்கே குஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் சின்செரோ என்று ஒரு மலைக் கிராமம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,760 மீட்டர் உயரம். நம் ஊட்டி 2,240 மீட்டர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் எலும்பைத் துளைக்கும். ஆடு, லாமா, அல்பாகா ஆகியவற்றின் கம்பளி இல்லாமல் வாழ முடியாது. ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன் அந்த நாட்டை ஆண்ட இன்கா அரசர்கள், தங்கத்தைவிட நல்ல துணியை உயர்வாக மதித்தவர்கள்.

ஆனால் நில்டா கல்யனௌபா என்ற சிறுமி அந்தக் கிராமத்தில் வளர்ந்த காலத்தில், நெசவு மதிப்பு இழந்துகொண்டிருந்தது. கடைத்துணி மலிவு. கையால் நெய்த துணி உடுத்தினால் 'பட்டிக்காடு' என்று நகரத்தில் கேலி. இளம்பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. நில்டா ஆடு மேய்க்கும்போது பெரியவர்கள் நூற்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பின்னால் பல்கலைக்கழகத்துக்கும் போனார். படித்தவர் ஊரை விட்டுப் போகவில்லை. ஊர்ப் பெண்களைச் சேர்த்து, மறந்துபோன நெசவு ஒவ்வொன்றையும் வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டுத் திரட்டினார். 1996-ல் குஸ்கோவில் பாரம்பரிய நெசவு மையம் ஒன்றைத் தொடங்கினார். பத்துக் கிராமங்கள் அதில் சேர்ந்தன.

அந்த மையம் நடத்திய நெசவாளர் திருவிழாவின் பெயர்தான் டிங்குய். 2010, 2013, 2017-ல் நடந்தது. கிராமத்துக்குக் கிராமம் வேறு தொப்பி, வேறு போர்வை. எல்லோரும் அவரவர் உடையில் ஊர்வலம் வந்தார்கள். அண்டை நாடுகளில் இருந்தும், வட அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரிடம் இருந்தும் நெசவாளர்கள் வந்தார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாது. அதனால் என்ன? ஒருவர் தறியில் உட்கார, மற்றவர் கையைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

அவர்களுடைய தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு பைக்குள் அடங்கிவிடும்! பாவின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டுவார்கள். மறுமுனையைத் தங்கள் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வார்கள். முன்னால் சாய்ந்தால் பாவு தளரும். பின்னால் சாய்ந்தால் விறைக்கும். நெய்பவரின் உடம்பே தறியின் ஒரு பாகம். லாமா எலும்பில் செய்த கூர்மையான கருவியால் ஊடையைத் தட்டி இறுக்குவார்கள்.

இதற்குப் பாவு போடும்போதுதான் அந்த ஆள் வருகிறார். தரையில் முளைகளை அடித்து, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் நூல் உருண்டையை எதிரில் இருப்பவரிடம் வீசுவார். அவர் முளையைச் சுற்றித் திருப்பி வீசுவார். பந்து விளையாடுவது போல! பேச்சும் சிரிப்பும் சேர்ந்தே நடக்கும். தனியாகப் பாவு போடுவது பெரும் சிரமம்.

பிட்டுமார்க்கா என்ற கிராமத்தின் நெசவு இன்னும் ஆச்சரியம். நம் கோர்வையில் ஊடை பாதியில் நின்று, பக்கத்து நிறத்தோடு கொக்கி மாட்டித் திரும்புகிறது அல்லவா? அங்கே பாவு நூலே பாதியில் நின்று கொக்கி மாட்டித் திரும்பும்! நடுநடுவே தற்காலிகமாகக் குச்சியோ நூலோ வைத்து, அதில் பாவை மாட்டி, வேலை முடிந்ததும் உருவிவிடுவார்கள். 'டிக்ளா' என்று பெயர். மறையும் நிலையில் இருந்த இந்த நெசவை, தெரிந்திருந்த சில பெரியவர்களைத் தேடிப் பிடித்து மீட்டெடுத்தார்கள். காஞ்சிபுரம் பாட்டியும் பிட்டுமார்க்கா பாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூட இருக்காது. ஆனால் இவர் துணியை அவரும், அவர் துணியை இவரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், நிச்சயமாக.

சிவப்புப் பூச்சி சைதாப்பேட்டைக்கு வந்த கதை

நடுவில் ஒரு சுவையான கிளைக்கதை. சின்செரோவில் சிவப்புச் சாயம் ஒரு பூச்சியில் இருந்து கிடைக்கிறது. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் கொச்சினீல் பூச்சி. உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ரத்தச் சிவப்பு! எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் ஆரஞ்சாக மாறும்.

இந்தச் சாயத்துக்கு ஐரோப்பாவில் பெரும் கிராக்கி. ஸ்பெயின்காரர்களிடம் வாங்கி மாளாத ஆங்கிலேயர்கள், தாங்களே வளர்க்க ஆசைப்பட்டார்கள். எங்கே? நம்ம சென்னையில்! டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் 1780-களின் கடைசியில் சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். ஆனால் 1795-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ மட்டமான காட்டு வகைப் பூச்சி. நல்ல சாயம் கிடைக்கவில்லை. திட்டம் புஸ்! நமக்கென்ன, நம்மிடம்தான் அரக்குப் பூச்சி இருந்ததே. 'அரக்கு கலர் புடவை' என்று அம்மா சொல்வார்களே, அந்தப் பெயர் அதில் இருந்து வந்ததுதான்.

சின்செரோ பிள்ளைகள்

இப்போது எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம். சின்செரோவிலும் பிள்ளைகள் ஐந்தாறு வயதில் நூற்கப் பழகுகிறார்கள். முதலில் நெய்வது ஒரு விரல் அகல நாடாப் பட்டை. 'ஹக்கீமா' என்பார்கள். அது சரியாக வந்த பிறகுதான் அடுத்த வடிவம். நில்டாவின் மையம் கிராமங்களில் சிறுவர் நெசவுக் குழுக்களை உருவாக்கியது. பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பிள்ளைகள் கூடுகிறார்கள். பாட்டிகள் வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். டிங்குய் திருவிழாவுக்கும் இந்தப் பிள்ளைகள் வந்தார்கள்.

அங்கேயும் சின்னக் கைகள், இங்கேயும் சின்னக் கைகள். என்ன வித்தியாசம்? காஞ்சிபுரத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஒரு கரை நாடாவை வீசுவது மட்டும்தான் வேலை. பாவு கட்டவோ, வடிவம் போடவோ பல பேருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுந்து போகவும் உரிமை இல்லை. சின்செரோ பிள்ளை தன் பட்டையைத் தானே தொடங்கித் தானே முடிக்கிறது. மாலை ஆனால் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போகிறது.

"தாத்தா, எனக்குச் சும்மா கத்துக்கணும்னா சொல்லித் தருவீங்களா?" என்று கிளம்பும்போது அக்கா மகள் கேட்டாள்.

தாத்தா பாட்டியைப் பார்த்தார். பாட்டி, "லீவுல வா பாப்பா. படிப்பைக் கெடுத்துக்காதே" என்றார்.

நெசவைப் படிப்பாகவே படிக்கவும் வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேலத்தில் உள்ள இந்திய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்று வருட டிப்ளமோ சேரலாம். தாத்தாவின் பேரனிடம் இதைச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் "யோசிக்கிறேன் அங்கிள்" என்றான். கம்ப்யூட்டர்தான் படிக்கப் போகிறானாம். அதுவும் சரிதான்.

நீங்களும் கோர்வை போடலாம்!

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. புத்தகம் அளவுக்கு ஒரு தடித்த அட்டை எடுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் சின்னச் சின்ன வெட்டுகள் போடுங்கள். கத்தரிக்கோல் பிடிக்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். முறுக்கான வெள்ளை நூலை முதல் வெட்டில் மாட்டி, மேலும் கீழுமாக இழுத்துச் சுற்றிக்கொண்டே போங்கள். இதுதான் பாவு. ரொம்ப இழுத்தால் அட்டை வளைந்துவிடும், கவனம்.

இப்போது இரண்டு நிற உல்லன் நூல். மழுங்கிய பெரிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் நீங்கள், வலது பக்கம் உங்கள் தம்பியோ, தோழியோ. நீங்கள் இடது ஓரத்தில் இருந்து ஒரு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று நடுவரை வாருங்கள். அவரும் வலது ஓரத்தில் இருந்து அப்படியே நடுவரை வரட்டும். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று வளைத்துக் கொக்கி மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அவரவர் ஓரத்துக்குத் திரும்புங்கள். இந்த முறை முன்பு மேலே போன இடத்தில் கீழே. ஒவ்வொரு வரிசையையும் சீப்பால் தட்டி நெருக்குங்கள்.

கொக்கி மாட்ட மறந்தால் நடுவில் கிழிசல் மாதிரி ஓட்டை விழும். (டேபெஸ்ட்ரிக்காரர்கள் வேண்டுமென்றே இப்படி ஓட்டை விட்டும் நெய்வார்கள். ஆக, தப்பு செய்தால் 'இது ஸ்டைல்' என்று சொல்லிவிடலாம்!) நூலை அதிகம் இழுத்தால் ஓரங்கள் உள்ளே ஒடுங்கி, துணி உடுக்கை மாதிரி ஆகிவிடும். ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் நெய்தால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

எங்கள் வீட்டு அட்டைத் தறி காட்டுப்பாக்கத்தில் ஜன்னல் ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது. பச்சைப் பக்கம் அக்கா மகள். சிவப்புப் பக்கம் அவள் தம்பி. பதினோரு வரிசை ஆகியிருக்கிறது. பன்னிரண்டாவது வரிசையில் பச்சை நூல் நடுவரை வந்து நிற்கிறது. தம்பி கிரிக்கெட் ஆடப் போயிருக்கிறான்.